வாசகர் கேள்வி – பதில்: பணியிட ஓய்வூதியத்தில் சத்தமில்லாமல் கழியும் கட்டணங்கள்

பிரித்தானியாவில் வேலை பார்க்கும் நம்மவர்களின் சம்பளச் சீட்டில் மாதாமாதம் ‘பென்ஷன்’ என்று ஒரு வரி வருகிறது. 2012 அக்டோபரில் தொடங்கிய தானியங்கிச் சேர்க்கைத் திட்டத்தின்படி, 22 வயதைக் கடந்து, அரசு ஓய்வூதிய வயதை எட்டாமல், ஒரு வேலையில் ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் பெறும் ஊழியரை முதலாளி ஓர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும். அந்த வரியில் தெரியும் தொகை நமக்குத் தெரியும். அது கணக்கில் சேர்ந்த பிறகு அதிலிருந்து என்னென்ன கழிகின்றன, கழிவதற்கு ஈடாக நமக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. இந்த இதழில் அது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பேரங்காடி ஒன்றில் இரவுப் பணியில் இருக்கிறேன். என் ஓய்வூதியம் ‘நெஸ்ட்’ அமைப்பில் உள்ளது. 100 பவுண்டு செலுத்தப்பட்டால், என் கணக்கில் முதலீட்டுக்குப் போவது 98 பவுண்டு 20 பென்ஸ்தான். மீதி ஒரு பவுண்டு 80 பென்ஸ் எங்கே போகிறது? ஏதாவது தவறு நடந்திருக்கிறதா? – ஈஸ்ட்ஹாம் வாசகர்

பதில்: தவறு எதுவும் நடக்கவில்லை. நீங்கள் கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள் என்பதுதான் நடந்திருக்கிறது. நெஸ்ட் இரண்டு விதமான கட்டணங்களை எடுக்கிறது. புதிதாகச் செலுத்தப்படும் ஒவ்வொரு தொகையிலும் 1.8 சதவீதம் நுழையும்போதே கழிக்கப்படுகிறது. அதைத் தவிர, கணக்கில் சேர்ந்திருக்கும் மொத்தத் தொகையில் ஆண்டுக்கு 0.3 சதவீதம் கழிக்கப்படுகிறது. எவ்வளவு சிறிய கடையாக இருந்தாலும், எவ்வளவு குறைந்த சம்பளக்காரராக இருந்தாலும், கேட்டு வரும் எந்த முதலாளியையும் மறுக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கடமையோடு அரசு உருவாக்கிய அமைப்பு அது. தொடக்கச் செலவுகளுக்கு அரசு அதற்குக் கடன் கொடுத்தது. அந்தக் கடனை அடைப்பதற்கு இந்த 1.8 சதவீதம் உதவுகிறது.

இதில் நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. 1.8 சதவீதம் புதிய பணத்தின் மீது மட்டுமே விழுகிறது. ஆகவே நீங்கள் நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விட்டால், நெஸ்டில் கிடக்கும் பழைய தொகைக்கு ஆண்டுக்கு 0.3 சதவீதம் மட்டுமே செலவு. ‘வேலையை விட்டாயிற்று, அந்தக் கணக்கையும் உடனே மாற்றிவிட வேண்டும்’ என்று அவசரப்பட்டு, அதைவிட அதிகக் கட்டணம் வாங்கும் இடத்துக்குக் கொண்டுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நுழையும்போது கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டீர்கள். மலிவாக இருக்கக்கூடிய காலம் இனிமேல்தான் வருகிறது.

கேள்வி: எனக்கு 52 வயது. 1990களின் பிற்பகுதியில் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் வழியாகச் சேர்ந்த ஓய்வூதியத்தில் இப்போது ஏறத்தாழ 18,000 பவுண்டு இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 1.5 சதவீதம் என்று அறிக்கையில் இருக்கிறது. ‘0.75 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறதே’ என்கிறார் என் மகன். எது சரி? ஒன்றரை சதவீதம் என்பது அவ்வளவு பெரிய தொகையா? – ஹாரோ வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்லும் சட்டம் உண்மைதான், ஆனால் அது உங்கள் பழைய கணக்கை எட்டவில்லை. 2015 ஏப்ரலில் வந்த 0.75 சதவீத உச்சவரம்பு, தானியங்கிச் சேர்க்கைக்குப் பயன்படும் திட்டங்களின் ‘டிஃபால்ட்’ நிதிக்கு மட்டுமே பொருந்தும். அதாவது, நாமாக எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் நம் பணம் தானாகப் போய்ச் சேரும் நிதிக்கு. அதற்கு முன்பே புதிய ஊழியர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்ட பழைய திட்டங்களும், நாமே விரும்பித் தேர்ந்தெடுத்த நிதிகளும் அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என் சொந்த அனுபவம் அதில் இருக்கிறது. என் முதல் வேலையில் சேர்ந்த ஓய்வூதியத்தின் ஆண்டறிக்கைகளைப் பதினோரு ஆண்டுகள் உறையைக்கூடப் பிரிக்காமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைச் சமையலறை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு அறிக்கையின் கடைசிப் பக்கத்தின் அடியிலும், மற்ற எழுத்துகளைவிடச் சிறிய எழுத்தில், உங்கள் அறிக்கையில் இருக்கும் அதே 1.5 சதவீதம் என்ற வரி இருந்தது. அது பவுண்டில் எவ்வளவு என்று ஓர் இடத்திலும் இல்லை. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ரசீது வருகிறது. தொகை கூடினால் உடனே கேட்கிறோம். ஓய்வூதியக் கட்டணத்துக்கு ரசீது வருவதில்லை, வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் போவதில்லை. முதலீட்டின் உள்ளேயே கழிந்துவிடுகிறது. கண்ணில் படாத செலவைப் பற்றி நாம் யாரிடமும் போய்க் கேட்பதில்லை.

ஆகவே முதலில் சதவீதத்தைப் பவுண்டாக மாற்றுங்கள். 18,000 பவுண்டில் 1.5 சதவீதம் என்றால் இந்த ஓர் ஆண்டில் 270 பவுண்டு. அதே தொகை 0.5 சதவீதம் வாங்கும் திட்டத்தில் இருந்தால் 90 பவுண்டு. வித்தியாசம் ஆண்டுக்கு 180 பவுண்டுதான் என்று தோன்றும். ஆனால் இந்த ஆண்டு கழிந்த பணம், இனி வரும் எல்லா ஆண்டுகளிலும் உங்களுக்காக வளரும் வாய்ப்பையும் சேர்த்து இழக்கிறது. கட்டணத்துக்கு முன் ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ச்சி என்று வைத்துக்கொண்டு, உங்கள் 67ஆம் வயது வரை பதினைந்து ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டேன். 1.5 சதவீதக் கட்டணத்தில் உங்கள் 18,000 பவுண்டு ஏறத்தாழ 30,150 ஆகிறது, 0.5 சதவீதக் கட்டணத்தில் ஏறத்தாழ 34,830 ஆகிறது. இனி ஒரு பென்ஸ்கூட நீங்கள் செலுத்தாத கணக்கில், கட்டணத்தால் மட்டும் 4,600 பவுண்டுக்கு மேல் வேறுபடுகிறது. இளம் வயதினருக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும்: 10,000 பவுண்டு முப்பது ஆண்டுகள் அதே 5 சதவீதத்தில் வளர்ந்தால், 0.3 சதவீதக் கட்டணத்தில் சுமார் 39,660 பவுண்டு, 0.75 சதவீதத்தில் சுமார் 34,860, 1.5 சதவீதத்தில் சுமார் 28,070.

இப்படிப்பட்ட திட்டங்கள் எப்படி இத்தனை காலம் நிலைத்தன என்ற கேள்விக்கு, 2013 செப்டம்பரில், சந்தைப் போட்டியைக் கண்காணித்த அரசு அமைப்பான அன்றைய நியாய வணிக அலுவலகம் வெளியிட்ட ஆய்வறிக்கை தெளிவான பதில் சொன்னது. போட்டி இருந்தால் விலை தானாகக் குறையும் என்ற வழக்கமான நம்பிக்கை இந்தச் சந்தையில் பொய்த்துப்போகிறது என்பதே அதன் முடிவு. காரணம் எளிது. திட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலாளி. கட்டணத்தைச் சுமப்பவர் ஊழியர். தேர்ந்தெடுப்பவருக்கு வலிப்பதில்லை; வலிப்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அந்த ஆய்வைத் தொடர்ந்து பழைய திட்டங்களை ஆராய அமைக்கப்பட்ட தனிக்குழு, 2014 டிசம்பரில், ஏறத்தாழ 2,600 கோடி பவுண்டு சேமிப்பு ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேற்பட்ட கட்டணத்துக்கு ஆளாகக்கூடும் என்று கண்டது. அதன் பிறகு பல நிறுவனங்கள் பழைய கட்டணங்களைக் குறைத்தன. உங்களுடையது குறைக்கப்படாமல் விடுபட்டதா, குறைத்த பின்னும் இதுதானா என்று எழுதிக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

இருந்தாலும், இந்தப் பதிலைப் படித்துவிட்டு நாளைக்கே கணக்கை மாற்றிவிடாதீர்கள். அந்தக் காலத்துத் திட்டங்கள் சிலவற்றில், ஓய்வுபெறும்போது வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் இவ்வளவு தருவோம் என்று உறுதி செய்யப்பட்ட விகிதம் எழுதப்பட்டிருக்கும். இன்றைய சந்தையில் கிடைக்கும் விகிதத்தைவிட அது வெகு உயர்வாக இருக்கலாம். மாற்றினால் அது போய்விடும், திரும்பி வராது. அப்படிப்பட்ட உறுதிப்பாடு உள்ள தொகை 30,000 பவுண்டுக்கு மேல் இருந்தால், தகுதிபெற்ற ஆலோசகரின் கருத்தைப் பெறாமல் மாற்றவே முடியாது என்று சட்டம் சொல்கிறது. உங்களுடையது அதற்குக் கீழே இருப்பதால் சட்டம் உங்களைத் தடுக்காது. நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். வெளியேறும் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். ஓய்வூதியப் பணத்தை எடுக்கும் குறைந்தபட்ச வயதை (2028 ஏப்ரல் 6 வரை 55, அதிலிருந்து 57) எட்டியவர்களிடம் அது ஒரு சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்ற வரம்பு 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது; உங்களுக்கு அதற்கு இன்னும் சில ஆண்டு இருப்பதால், இன்று மாற்றினால் எவ்வளவு, அந்த வயதில் மாற்றினால் எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் திட்டத்தின் இணையதளத்தில் ஆண்டுக் கட்டணத்தைத் தவிர ‘பரிவர்த்தனைச் செலவு’ என்று இன்னொன்று இருக்கிறது. அது 0.75 சதவீதத்துக்குள் அடங்காதா? ஒரு நிதிக்கு அது மைனஸ் 0.02 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். செலவு எப்படி மைனஸாக இருக்க முடியும்? – கிராய்டன் வாசகர்

பதில்: அடங்காது. உச்சவரம்பு நிர்வாகக் கட்டணத்துக்கும் முதலீட்டு மேலாண்மைக் கட்டணத்துக்கும்தான். பங்குகளை வாங்கி விற்கும்போது தரகருக்குக் கொடுப்பது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, பிரித்தானியப் பங்குகளை வாங்கும்போது செலுத்தும் 0.5 சதவீத முத்திரை வரி ஆகியவை எல்லாம் அதற்கு வெளியே நிற்கின்றன. நிதி மேலாளர் அடிக்கடி வாங்கி விற்பவராக இருந்தால் இந்தச் செலவு கூடும். நெடுங்காலம் இவை எவருக்கும் சொல்லப்படாமலே இருந்தன. 2018 ஜனவரி முதல், ஓய்வூதியத் திட்டத்தை நடத்துபவர்கள் கேட்டால் நிதி மேலாளர்கள் இவற்றைக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்று, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையம் விதித்தது.

மைனஸ் வருவது அந்தக் கணக்கிடும் முறையால். நகை வாங்கப் போகிறீர்கள். கடைக்குள் நுழையும்போது பலகையில் ஒரு விலை இருக்கிறது. நகையைத் தேர்ந்தெடுத்துப் பில் போடுவதற்குள் அன்றைய தங்கத்தின் விலை இறங்கிவிடுகிறது. நுழைந்தபோது இருந்த விலையைவிடக் குறைவாகக் கொடுத்து வருகிறீர்கள். ஆணையத்தின் முறையும் இப்படித்தான்: வாங்கும் உத்தரவு சந்தைக்குப் போன நேரத்து விலையையும் உண்மையில் கொடுத்த விலையையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் செலவு என்கிறது. சந்தை சாதகமாக நகர்ந்தால் விடை மைனஸில் வரும். மேலாளர் உங்களுக்கு எதையும் இலவசமாகக் கொடுத்துவிட்டார் என்று அதற்குப் பொருளில்லை. ஓர் ஆண்டின் எண்ணை வைத்து முடிவு கட்டாமல், மூன்று நான்கு ஆண்டுகளின் எண்களை வரிசையாகப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் கட்டணம் மிகக் குறைந்த திட்டமே சிறந்த திட்டம் என்று எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் கடையில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. – வெம்ப்ளி வாசகர்

பதில்: ஊழியருக்காகத் தேர்ந்தெடுப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒன்பது குடும்பங்களின் முதுமை உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

மலிவு என்பது தரமும் ஆகாது, தரக்குறைவும் ஆகாது. கற்பனையாக இரண்டு நிதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 0.3 சதவீதம் வாங்கிக்கொண்டு கட்டணத்துக்கு முன் ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்கிறது, மற்றொன்று 0.7 சதவீதம் வாங்கிக்கொண்டு 5.5 சதவீதம் வளர்கிறது. 10,000 பவுண்டு இருபது ஆண்டில் முதலாவதில் ஏறத்தாழ 20,680 ஆகிறது, இரண்டாவதில் ஏறத்தாழ 25,540. ஆகவே கட்டணத்தைக் கழித்த பிறகு கையில் நிற்பது எவ்வளவு என்பதே கேள்வி. ஆனால் இந்த உதாரணத்தை விற்பனையாளர்கள் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டணம் நிச்சயம், வளர்ச்சி எதிர்பார்ப்பு. ‘கொஞ்சம் அதிகம் வாங்குகிறோம், ஆனால் அதிகம் ஈட்டித் தருவோம்’ என்று சொல்பவரிடம், கடந்த ஐந்து ஆண்டிலும் பத்து ஆண்டிலும் கட்டணம் போக உறுப்பினருக்கு உண்மையில் நின்றது எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள். இளைய ஊழியருக்கு ஓர் எண், ஓய்வை நெருங்குபவருக்கு ஓர் எண் என்று தனித்தனியாகக் கேளுங்கள். வயதுக்கேற்ப முதலீடு மாறும் என்பதால் ஒரே எண் இரண்டு பேருக்கும் பொருந்தாது.

மூன்றாவதாகச் சேவை. செலுத்திய பணம் எத்தனை நாளில் முதலீடாகிறது, தொலைபேசியை எடுக்கிறார்களா, பதிவுகள் சரியாக இருக்கின்றனவா, உறுப்பினர் இறந்தால் யாருக்குத் தொகை போக வேண்டும் என்ற விருப்பப் படிவத்தை எளிதாக நிரப்ப முடிகிறதா. நம் சமூகத்தில் அந்தப் படிவத்தைத் திருமணத்துக்கு முன்பு பெற்றோர் பெயரில் நிரப்பிவிட்டுப் பிறகு மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம். உங்கள் ஒன்பது பேரையும் இந்த வாரமே அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவு, முதலீட்டின் பலன், சேவையின் தரம் ஆகிய இம்மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்து எல்லாத் திட்டங்களையும் ஒப்பிடும் ஏற்பாட்டை அரசும் ஒழுங்குமுறை அமைப்புகளும் 2023 ஜனவரியிலிருந்து வகுத்து வருகின்றன. 2024 ஆகஸ்டில் நிதி நடத்தை ஆணையம் வைத்த முன்மொழிவு, போக்குவரத்து விளக்கைப்போல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று திட்டங்களைத் தரம்பிரிக்கச் சொன்னது. 2025 ஜூனில் நாடாளுமன்றத்துக்கு வந்த ஓய்வூதியத் திட்டங்கள் மசோதாவில் இதற்கான அதிகாரம் சேர்க்கப்பட்டது. விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை இது மாற்றும் என்று நம்புகிறேன். ஒரு கவலையும் உண்டு: எல்லோரும் ஒரே அளவுகோலுக்குப் பயந்து ஒரே மாதிரியான முதலீட்டுக்குள் ஒதுங்கிவிட்டால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: சென்னையிலிருந்து வேலை விசாவில் வந்திருக்கும் மென்பொருள் ஊழியன் நான். ஐந்து ஆண்டில் திரும்பிவிடும் எண்ணம். கட்டணம் கொடுத்துக்கொண்டு இங்கே எதற்குச் சேமிக்க வேண்டும், திட்டத்திலிருந்து விலகிவிடலாம் என்கிறார்கள் அறை நண்பர்கள். – ரெடிங் வாசகர்

பதில்: உங்கள் சம்பளம் 30,000 பவுண்டு என்று வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். குறைந்தபட்ச விதிப்படி 6,240 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிக்குத்தான் பங்களிப்பு. ஆகவே 23,760 பவுண்டு. அதில் 8 சதவீதம், அதாவது 1,900 பவுண்டு 80 பென்ஸ், ஆண்டுதோறும் உங்கள் கணக்கில் சேர்கிறது. இதில் உங்கள் கையிலிருந்து போவது 950 பவுண்டு 40 பென்ஸ் மட்டுமே. 237 பவுண்டு 60 பென்ஸ் வரிச் சலுகை, 712 பவுண்டு 80 பென்ஸ் முதலாளியின் பங்கு. அந்த மொத்தத் தொகையின் மீது உச்சவரம்பான 0.75 சதவீதமே வாங்கினாலும் முதல் ஆண்டுக் கட்டணம் 15 பவுண்டைத் தொடாது. அதைச் சேமிப்பதற்காக, வரிச் சலுகையும் முதலாளியின் பங்குமாகச் சேர்ந்து வரும் 950 பவுண்டை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் உங்கள் நண்பர்கள்.

உண்மையான தயக்கம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஊரில் பி.எஃப். பணத்தை வேலை மாறும்போது எடுத்துப் பழகியவர்கள் இதையும் அப்படியே நினைக்கிறார்கள். இந்தப் பணத்தை இப்போது 55 வயதிலும், 2028 ஏப்ரல் 6 முதல் 57 வயதிலும்தான் தொட முடியும். நாடு திரும்பினாலும் அதே விதிதான். அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா என்று யோசித்து முடிவெடுங்கள். ‘முன்கூட்டியே எடுத்துத் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களை நம்பாதீர்கள். அப்படி எடுத்த தொகைக்கு வரியாக மட்டும் 55 சதவீதம் வரை கட்ட நேரும். இடைத்தரகர் எடுத்துக்கொள்வது அதற்கு மேல்.

கேள்வி: நான் தேசிய சுகாதார சேவையில் செவிலியர். என் ஓய்வூதியத்துக்குக் கட்டணம் எவ்வளவு? – லெஸ்டர் வாசகி

பதில்: இந்தக் கேள்வியே உங்களுக்கு எழாது. உங்கள் பெயரில் முதலீட்டுக் கணக்கு ஒன்று இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஈட்டும் சம்பளத்தில் 54இல் ஒரு பங்கு, பிற்கால ஆண்டு ஓய்வூதியமாக உங்களுக்கு எழுதப்படுகிறது, பிறகு உயர்த்தப்பட்டும் வருகிறது. அதை அரசு உறுதி செய்கிறது. சந்தை இறங்கினாலும் கட்டணம் ஏறினாலும் அது குறையாது. இதை விட்டு வேறு திட்டத்துக்கு வரச் சொல்லி யாராவது அணுகினால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: முகவர் நிறுவனங்கள் வழியாகப் பண்டகசாலை, முதியோர் இல்லம், தொழிற்சாலை என்று ஏழெட்டு இடங்களில் வேலை செய்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஓய்வூதியம் இருக்கும். நூறு இருநூறு பவுண்டுக்காக அலைவது வீண் என்று விட்டுவிட்டேன். – ஸ்லோ வாசகர்

பதில்: சிறிய கணக்குகளைத்தான் கட்டணம் வேகமாகத் தின்கிறது. சில திட்டங்கள் சதவீதத்தோடு நிலையான மாதக் கட்டணமும் வாங்குகின்றன. மாதம் 1.75 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 21 பவுண்டு; 200 பவுண்டுக் கணக்குக்கு அது பத்து சதவீதத்துக்கு மேல். இப்படிக் கரைந்து சுழியமாகிவிட்ட கணக்குகள் இருந்ததால்தான், 2022 ஏப்ரல் முதல், டிஃபால்ட் நிதியில் 100 பவுண்டும் அதற்குக் கீழும் உள்ள கணக்குகளில் நிலையான கட்டணம் எடுக்கக்கூடாது என்று விதி வந்தது. நூறு பவுண்டு வரை கரைவதை அது தடுப்பதில்லை.

அரசின் ஓய்வூதியத் தேடல் சேவை இலவசம். முதலாளியின் பெயரைச் சொன்னால் திட்டத்தின் முகவரியைத் தருவார்கள். தேடும்போது நம்மவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக இருக்கும். முகவர் நிறுவனம் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மாற்றிப் பதிந்திருக்கும். நீண்ட பெயரைப் பாதியில் வெட்டியிருப்பார்கள். ‘இந்தப் பெயரில் எவரும் இல்லை’ என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல், தேசியக் காப்பீட்டு எண், பிறந்த தேதி, அக்காலத்து முகவரி ஆகியவற்றைக் கொண்டு மறுபடி தேடச் சொல்லுங்கள். எல்லாக் கணக்குகளையும் ஒரே திரையில் காட்டும் ‘டாஷ்போர்டு’ ஏற்பாட்டில் திட்டங்கள் இணைவதற்குச் சட்டம் வைத்த கெடு 2026 அக்டோபர் 31; அதிலும் பெயர் பொருந்தினால்தான் கணக்கு தெரியும் என்பதால், திருத்தத்தை இப்போதே செய்துவிடுவது நல்லது. கண்டுபிடித்த கணக்குகளைச் சேர்க்கும்போது, பெரியது எது என்று பார்க்காமல் எந்தத் திட்டத்தில் மொத்தச் செலவு குறைவு, கட்டணம் போக வளர்ச்சி நன்றாக இருக்கிறது என்று பார்த்து அதில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் கேட்டால் பதில் தருவார்களா? முதலாளி தவறாக நினைப்பாரோ என்று பயமாக இருக்கிறது. – லூட்டன் வாசகி

பதில்: முதலாளியிடம் கேட்கவே வேண்டியதில்லை, நேரடியாகத் திட்டத்தை நடத்துபவர்களுக்கு எழுதலாம். அறங்காவலர்கள் நடத்தும் திட்டமாக இருந்தால், தலைவரின் ஆண்டு அறிக்கையில் கட்டணங்களையும் பரிவர்த்தனைச் செலவுகளையும், அவை காலப்போக்கில் சேமிப்பை எவ்வளவு குறைக்கும் என்ற பவுண்டுக் கணக்கையும் இணையதளத்தில் இலவசமாக வெளியிட வேண்டும் என்ற விதி 2018 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் நடத்தும் திட்டமாக இருந்தால், 2015 ஏப்ரல் முதல் அதற்கு ஒரு சுயாதீன ஆளுகைக் குழு உண்டு. உறுப்பினருக்குப் பணத்துக்கேற்ற மதிப்பு கிடைக்கிறதா என்று அது ஆண்டுதோறும் எழுதும் அறிக்கையை நீங்கள் படிக்கலாம்.

கடிதத்தில் இவ்வளவு எழுதினால் போதும்: ‘என் பணம் எந்த நிதியில் இருக்கிறது? சென்ற ஆண்டில் என் கணக்கிலிருந்து எல்லாக் கட்டணங்களும் பரிவர்த்தனைச் செலவுகளும் சேர்த்துக் கழிந்தது பவுண்டில் எவ்வளவு? அவை போகக் கடந்த ஐந்து ஆண்டின் வளர்ச்சி எவ்வளவு? வெளியேறும் கட்டணமோ, மாற்றினால் இழக்கும் உறுதிப்பாடோ உண்டா?’ பதில் நிறைவாக இல்லையென்றால் முறைப்படி புகாராக எழுதுங்கள். உரிய காலத்துக்குள் முடிவான பதில் வராவிட்டால் ஓய்வூதியக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. எங்களுக்குக் கடிதம் அனுப்புபவர்கள் கணக்கு எண்ணையும் தேசியக் காப்பீட்டு எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.